ஆளுக்கு ஒரு விரல்

அவள் திருடி என்று நான் ஒன்பது வருடம் நம்பினேன். இல்லை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். பேரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவளுடைய தம்பி வகையறா சண்டைக்கு வரும். எனக்கு இந்த வயதில் அதற்குத் தெம்பு கிடையாது.

கொடைரோடு ஸ்டேஷனில் முதல் வகுப்புப் பெண்கள் வெயிட்டிங் ரூமுக்கு அவள் ஆயா. அதற்கு அடுத்த கதவு மூன்றாம் வகுப்புப் பெண்கள் அறை. அதற்கு நான் ஆயா. ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த என் வீட்டுக்காரர் செத்த பிறகு எனக்குக் கிடைத்த வேலை அது. அதற்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு சுருட்டுக் கம்பெனியில் புகையிலை நரம்பு உரித்துக்கொண்டிருந்தேன். நான் ஸ்டேஷனுக்கு வந்தது ஐம்பத்திரண்டில். அவள் அப்போதே இருபது வருடம் பழையவள்.

அவள் அறையில் பீங்கான் தொட்டி இருந்தது. ஆள் உயரக் கண்ணாடி, பிரம்பு நாற்காலி, துண்டு போட மரச்சட்டம் எல்லாம் இருந்தன. என் அறையில் ஒரு சிமெண்டு பெஞ்சும், மூடினாலும் ஒழுகுகிற ஒரு குழாயும் இருந்தன. மெட்ராஸ் ரயிலில் விடியற்காலையில் வந்து இறங்கும் பெரிய வீட்டுப் பெண்கள் அவள் அறையில் குளித்து, உடுத்தி, பூசிக்கொண்டு, வத்தலக்குண்டு வழியாக மலைக்குப் போவார்கள். என் அறைக்கு வருகிறவர்கள் பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டுப் போவார்கள். எனக்கு அந்த அறை மேல் ஆசை இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கண்டுபிடித்ததாகச் சொல்லவேண்டாம்.

சந்தேகம் மூக்கில்தான் ஆரம்பித்தது. நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். என் சேலையில் பினாயில் வாடை அடிக்கும். அவளிடமும் பினாயில் அடிக்கும். அதற்கு அடியில் இன்னொன்று அடிக்கும். திங்கட்கிழமை ரோஜா, செவ்வாய்க்கிழமை சந்தனம். புதன்கிழமை பேர் தெரியாத ஏதோ ஒன்று, நறுக்கின எலுமிச்சம்பழத்தைத் துணியில் மூடி வைத்தது மாதிரி. தினம் ஒரு வாசனை வாங்குகிற அளவுக்கு எந்த ஆயாவுக்கு வசதி? புகையிலையை மோந்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லப் பழகிய மூக்கு என்னுடையது. அதை ஏமாற்ற முடியாது.

அடுத்து கையைக் கவனித்தேன். தரை தேய்த்துத் தேய்த்து அவள் விரல்கள் எல்லாம் காய்ந்த களிமண் மாதிரி வெடித்திருந்தன. வலதுகை மோதிர விரல் மட்டும் பிறந்த பிள்ளையின் விரல் மாதிரி இருந்தது. ஒரு வெடிப்பு இல்லை. ஒன்பது விரல் ஒரு மாதிரியும் ஒரு விரல் வேறு மாதிரியும் இருந்தால் யாருக்கும் கேள்வி வரும். எனக்கும் வந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அக்கா, அந்த ஒத்த வெரலுக்கு மட்டும் என்ன வைத்தியம் பாக்கிறீக?"

"அது எங்கூட்டு மகாராணி. வேலைக்கு அனுப்புறதில்ல" என்றாள்.

சிரிக்காமல் சொன்னாள். அவள் எதையும் சிரிக்காமல்தான் சொல்லுவாள். எது நிசம், எது கேலி என்று எனக்குப் பிடிபடாது. அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வரும்.

ரயில் இல்லாத மத்தியானத்தில் அவள் வாசல்படியில் உட்கார்ந்து கதை சொல்லுவாள். ஊர்க்கதை, புருஷன் கதை எதுவும் சொல்லமாட்டாள். அவளுக்குப் புருஷன் இருந்தானா, ஓடிப்போனானா, செத்தானா என்று ஒன்பது வருடத்தில் நான் தெரிந்துகொள்ளவில்லை. அவள் சொன்னதெல்லாம் டப்பாக்களின் கதை.

"அப்பல்லாம் தொரைசாணிக வருவாக. முகத்துக்கு ஒண்ணு, கைக்கு ஒண்ணு, படுக்கப் போறப்ப ஒண்ணுன்னு மூணு டப்பா. சோப்புக்குன்னு தனியா ஒரு பெட்டி. அந்தச் சோப்பு வழியாப் பாத்தா விளக்கு தெரியும் தாயி. தண்ணிக்கு ஒரு வாசன வச்சிருப்பாக, கைக்குட்டையில ரெண்டு சொட்டு விட்டு நெத்தியில ஒத்திக்குவாக. தலவலி போயிருமாம். எனக்குத் தலவலி வந்ததே இல்ல, அதான் போச்சா இல்லயான்னு தெரியாது."

"அப்பறம்?"

"அப்பறம் சீமையில பெரிய சண்ட வந்துச்சு. சண்ட வந்தது எனக்கு டப்பாவுலதான் தெரியும். தகர டப்பா போயி அட்ட டப்பா வந்துச்சு. பவுடரு கொறஞ்சு மாவு மாதிரி ஆச்சு. அம்புட்டுப் பெரிய தொரைசாணி, தேஞ்ச சோப்பை இன்னொரு தேஞ்ச சோப்போட ஒட்டிக் குளிச்சா. நான் பாத்தேன். சொதந்திரம் வந்துச்சா, அவுக போய்ட்டாக. ரெண்டு வருசம் இந்த ரூமு மொட்டையாக் கெடந்துச்சு. அப்பறம் நம்ம ஆளுக வந்தாக. மொத வருசம் பித்தளைச் சம்புடத்துல பயத்தமாவு கொண்டாந்தாக. மூணாம் வருசம் சோப்பு. அஞ்சாம் வருசம் சோப்புக்குத் தனிப் பெட்டி. இப்பப் பாரு, மூணு டப்பாவும் திரும்ப வந்திருச்சு."

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு ஒன்று உறுத்தும். பெட்டி மூடித்தானே வரும்? மூடிய பெட்டிக்குள் என்ன வாசனை என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

அதனால் ஒரு நாள் அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். செய்தது தப்புதான். ஒரு மாற்றுச்சேலை, சுண்ணாம்பு டப்பா, வெள்ளிக் காகிதம் சுற்றிய சின்னக் கட்டி ஒன்று. மோந்தேன். இனிப்பாக வாசனை அடித்தது. சீமை மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டேன். போட்ட மாத்திரத்தில் உப்பும் கசப்புமாக நுரைத்துக்கொண்டு மூக்கு வரைக்கும் வந்தது. குழாயடிக்கு ஓடிப்போய்த் துப்பிக்கொண்டிருந்தபோது பின்னால் அவள் குரல் கேட்டது.

"அடியே, அது குளிக்கிற தண்ணியில போடுறதுடி. உள்ளேயும் குளிச்சிட்டியா?"

அவளோடு வந்த போர்ட்டர் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு வாரம் ஸ்டேஷனே என்னைப் பார்த்து, "வயிறு சுத்தமாயிருச்சா அக்கா?" என்று கேட்டது. ஏன் பெட்டியைத் திறந்தாய் என்று அவள் கேட்கவில்லை. "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். அது ஒருத்தி குடுத்துட்டுப் போனது, எனக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் நான் திரும்பத் திட்டியிருப்பேன். திட்டாதவளை என்ன செய்வது?

அவள் சொன்ன அந்த வார்த்தையும் உண்மைதான். யாராவது இந்தா ஆயா என்று பாதிச் சோப்பையோ, அடியில் கொஞ்சம் பவுடர் இருக்கிற டப்பாவையோ கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். அவர்கள் கார் ஏறியதும் என் அறைக்குக் கொண்டுவந்து, "இந்தா தாயி, வச்சுக்க" என்று போட்டுவிட்டுப் போய்விடுவாள். அந்தச் சோப்பில்தான் வருடக்கணக்காக நான் குளித்தேன். என் மேலும் வாசனை அடித்தது. கொடுத்ததை வேண்டாம் என்கிறவள் தன் வாசனைக்கு எங்கே போகிறாள்? சந்தேகம் அதிகம்தான் ஆனது.

ஐம்பத்தெட்டு சீசனில் கண்ணால் பார்த்தேன். வெந்நீர் வாளி ஒன்று அதிகம் வேண்டும் என்று அவள் கூப்பிட்டிருந்தாள். நான் தூக்கிக்கொண்டு போனேன். வந்த அம்மாள் உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள், தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கண்ணாடி மேஜை மேல் அவள் கைப்பெட்டி திறந்து கிடந்தது. இவள் ஒரு டப்பாவின் மூடியைத் திருகி எடுத்தாள். அந்த மோதிர விரலை மேலாக ஒரு வட்டம் ஓட்டினாள். ஒரே ஒரு வட்டம். விரலை இடது மணிக்கட்டில் தேய்த்தாள், முந்தானை நுனியால் டப்பா விளிம்பைத் துடைத்தாள், மூடினாள், இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே வைத்தாள். அவசரமே இல்லை. திரும்பியபோது வாளியோடு என்னைப் பார்த்தாள்.

"என்னடி மொறைக்கிற?"

"இது திருட்டுக்கா."

"எது திருட்டு? எங்கய்யா கம்மாய்க்கு மட பாத்தாரு. ராப்பகலா ஊருக்குத் தண்ணி பாச்சுனாரு. அறுப்பு முடிஞ்சதும் களத்துக்களம் போயி ஒரு பிடி நெல்லு அள்ளுவாரு. களத்துக்கு ஒரு பிடி. எந்தச் சம்சாரியாவது மூட்ட கொறஞ்சு போச்சுன்னு அழுதிருக்கானா?"

"அது ஊரு குடுக்குறது. இது நீயா எடுக்குறது."

"ஊருக்குக் குடுக்கத் தெரிஞ்சுச்சு. இவுகளுக்குத் தெரியல. வெந்நி சுமந்தேன், தொட்டி தேச்சேன், முதுகுக்குத் தண்ணி ஊத்துனேன். வேலைக்கு அப்பறந்தான் பிடி. ஆளுக்கு ஒரு வெரலு. ரெண்டாவது தொட்டா என் கை அழுகிப் போகும். அடி தெரியிற டப்பாவுல வைக்கவே மாட்டேன். வெளையாத களத்துல எங்கய்யா கால் வைக்க மாட்டாரு."

பேசிக்கொண்டே வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு விரல் வைக்கிறவள் ஒரு விரலோடு நிற்பாள் என்பதற்கு என்ன சாட்சி? வாசனையில் ஆரம்பிக்கிற கை வளையலில் போய் நிற்காதா? அன்றிலிருந்து அவளை இன்னும் உற்றுப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஒரு நேரம் வரும் என்று வைத்திருந்தேன்.

அறுபத்தொன்றாம் வருடம் மே மாதத்தில் அந்த நேரம் வந்தது.

மெட்ராஸ் வக்கீல் ஒருவரின் இளம் மனைவி வந்து குளித்துவிட்டு மலைக்குப் போனாள். மறுநாள் காலையில் அதே காரில் புருஷனோடு திரும்பி வந்து ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் அழுதாள். ரயிலில் திருட்டு பயம் என்று அவளுடைய அம்மா வைரத்தோட்டைக் க்ரீம் டப்பாவுக்குள் அமுக்கிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். மலையில் போய்க் கிளறிப் பார்த்தால் ஒரு தோடுதான் இருந்தது. இன்னொன்று இல்லை. டப்பா கையை விட்டுப் போன ஒரே இடம் எங்கள் வெயிட்டிங் ரூம்.

ஸ்டேஷன் மாஸ்டர் கெட்டவர் இல்லை. எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். முதலில் என்னைத்தான் கேட்டார்.

"நீ பக்கத்துலயே இருக்க. இந்தம்மா பாசஞ்சர் சாமான்ல கை வச்சு எப்பவாவது பாத்திருக்கியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்ல வராது என்று பின்னால் பல பேரிடம் சொல்லிக்கொண்டேன். அது முழுக்க நிசமில்லை. அந்தப் பீங்கான் தொட்டியும் கண்ணாடியும் அப்போது என் கண் முன்னால் நின்றன.

"பாத்திருக்கேன் சார். டப்பாவத் தொறந்து வெரல் விடுவாக" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆமாங்கய்யா. ஆளுக்கு ஒரு வெரலு எடுப்பேன். இருவத்தொம்பது வருசமா எடுக்குறேன். இந்தம்மா டப்பாவுலயும் ஒரு வெரலு எடுத்தேன். ஒண்ணுக்கு மேல நான் தொட்டதில்ல. தோட்ட நான் எடுக்கல."

"ஒரு விரல் எடுத்தேன்னு நீயே சொல்ற. தோடு மட்டும் எடுக்கலைன்னு நான் எப்படி நம்புறது?" என்று வக்கீல் கத்தினார்.

"நம்பாட்டிப் போங்க" என்றாள்.

போலீஸ் வந்தது. அவள் குடியிருந்த வீட்டைச் சோதனை போட்டார்கள். நானும் கூட்டத்தோடு போய் எட்டிப் பார்த்தேன். ஒரு பாய், ஒரு அடுப்பு, இரண்டு சட்டி. சோப்பு இல்லை, பவுடர் இல்லை, காலி டப்பாகூட ஒன்று இல்லை. குளிக்கச் சீயக்காய்தான் வைத்திருந்தாள். தோட்டைக் காணோம். இரண்டு நாள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்துக் கேட்டுவிட்டு அனுப்பினார்கள். வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவள் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டுப் பக்கம் தம்பி ஊருக்குப் போனாள். தற்காலிகமாக அந்த அறையை நான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று உத்தரவானது.

பன்னிரண்டு நாள் கழித்து மலையிலிருந்து வக்கீலின் கடிதம் வந்தது. தோடு கிடைத்துவிட்டதாம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டும் போய்விடும் என்று பெண்ணின் அம்மா ஒன்றை முகத்துக் க்ரீமிலும் ஒன்றைக் கைக்குப் பூசுகிற க்ரீமிலும் வைத்திருக்கிறாள். மகளிடம் டப்பாவில் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். மகள் இரண்டாவது டப்பாவைத் திறக்கவே இல்லை. வருந்துகிறோம் என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ போய் அந்தம்மாகிட்டச் சொல்லு. இனிமே விரல் வைக்க மாட்டேன்னு ஒரு கடிதத்துல கைநாட்டு வச்சாப் போதும். மேலிடத்துக்கு நான் எழுதிக்கிறேன். வேலையில சேந்துக்கலாம்."

அவள் வந்தால் நான் ஒழுகுகிற குழாய்க்குத் திரும்பவேண்டும். தெரிந்துதான் பஸ் ஏறினேன். போகாமலே போய்வந்தேன் என்று சொல்லலாமா என்றும் ஸ்டேஷன் வாசல் வரை யோசித்தேன்.

தம்பி தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நிமிரவில்லை.

"தோடு கெடச்சிருச்சுக்கா" என்றேன்.

"கைக்குப் பூசுற டப்பாவுலதான?" என்றாள்.

நான் இன்னும் அதைச் சொல்லவே இல்லை.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

கூடையை இறக்கி வைத்தாள். வரப்பில் உட்கார்ந்தாள்.

"மொத டப்பாவுல ஒரு வெரலு எடுத்தேன். அதோட போயிருக்கணும். அந்த ரெண்டாவது டப்பா இருக்கே, மூடியிருந்தும் கசிஞ்ச வாசன எனக்குத் தெரியாத வாசனடி. இம்புட்டு வருசத்துல வராத வாசன. வேணாம் வேணாம்னு நின்னேன். தண்ணி ஊத்துற சத்தம் நிக்கப் போற நேரம். தொறந்து வெரல விட்டுட்டேன். கல்லு தட்டுச்சு. பயந்துபோயி அப்படியே அழுத்தி மூடிட்டேன்."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! அந்த டப்பாவத் தொறந்து பாருங்கன்னு ஒரு வார்த்த! போலீசு வந்திருக்காதே, வீட்டக் கெளறியிருக்க மாட்டாகளே!"

"எப்படிச் சொல்ல? ஆளுக்கு ஒரு வெரலுன்னு அம்புட்டுப் பேரு முன்னாடி சொல்லி வாய மூடல. ரெண்டாவதும் தொட்டேன்னு எந்த வாயால சொல்ல?"

"அதுக்காகத் திருடிப் பட்டம் சொமந்தீகளா?"

"அது அவுக குடுத்த பட்டம். இது நானா எடுத்தது."

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். கைநாட்டு போதும் என்றேன். வேகமாகச் சொன்னேன், சரி என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தோடு சொன்னேன்.

"வரல" என்றாள். "எங்க சித்தப்பன் ஒரு வருசம் ஒரே களத்துல ரெண்டு பிடி அள்ளிட்டான். அதுக்கப்பறம் எங்கய்யா அவன எந்தக் களத்துலயும் ஏத்தல. கூடப்பொறந்தவனையே ஏத்தல. நான் மட்டும் எப்படி ஏற?" பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதான் அந்த ரூமு மேல ஆசப்பட்டுக் கெடந்தியே. போயி இரு. தொட்டிய உப்புப் போட்டுத் தேய்க்காத, பீங்கான் கீறிரும்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். ஒன்று திருடியாக இருக்கவேண்டும், இல்லையென்றால் நல்லவளாக இருக்கவேண்டும். இரண்டும் இல்லாமல் இப்படி ஒருத்தி இருந்தால் சாட்சி சொன்னவளுக்கு என்ன கதி? அவள் சொன்னது அத்தனையும் நிசம்தானா என்றும் சந்தேகம் வந்தது. கல் தட்டியதும் எடுக்கத்தான் நினைத்தாளோ, நேரம் போதவில்லையோ? என்னைக் கூனிக் குறுக வைப்பதற்கே வரவில்லை என்றாளோ? நிலக்கோட்டை தாண்டும் வரை இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முடிவுக்கும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் புது ரிஜிஸ்தர் விரித்து வைத்திருந்தார்.

"என்ன சொன்னா? எப்ப வாராளாம்?"

உள்ளதைச் சொன்னால் அவள் இரண்டாவது விரலையும் சொல்லவேண்டும். அவள் வாயால் சொல்லாததை நான் சொல்லவேண்டும். மறுபடி ஒருமுறை நேரில் போய்க் கெஞ்சிக் கூட்டிவரலாம் சார் என்றும் சொல்லியிருக்கலாம். அவர் அதற்கும் சம்மதிக்கிற மனுஷன்தான்.

"ஒடம்புக்கு முடியலையாம் சார். வேற ஆளப் போட்டுக்கிறச் சொன்னாக" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்து, அவள் பேரை அடித்துவிட்டு, என் பேரை எழுதினார்.